யாருக்கான பத்தியம்?

'பத்தியம்' என்ற சொல்லை நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளை பெற்றவளோடு சேர்த்துத்தான் கேட்டிருப்போம். சித்த மருத்துவத்தில் மருந்து உண்ணும் எவருக்கும் பத்தியம் உண்டு, ஆணுக்கும் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் பத்தியக் குழம்பு, பத்தியச் சாப்பாடு என்றால் நம் கண்முன் வருபவள் பச்சை உடம்புக்காரிதான். பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட குழம்பு, சுட்ட கருவாடு, பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு. பலாப்பழம் கூடாது, மாம்பழம் கூடாது, ஆறிய சோறு கூடாது. ஏன் கூடாது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பிள்ளைக்கு ஆகாது." சாப்பாடு அவள் வயிற்றுக்குள் போகிறது. அதற்கான காரணம் தொட்டிலில் கிடக்கிறது.

எனக்குச் சர்க்கரை நோய் உறுதியானது 42 வயதில். வெறும் வயிற்றில் 148, மூன்று மாதச் சராசரி 7.9 என்றது ஆய்வகத் தாள். மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றையும் நீட்டினார். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம், எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து படித்தபோது இது என் வாழ்வில் இன்னொரு பத்தியம் என்று பட்டது. ஒரு வேறுபாடு, இதில் தொட்டில் இல்லை. தாள் முழுக்க என் உடம்புக்காக மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு தாளை அதுவரை நான் கையில் வாங்கியதில்லை. நான்கு ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்து வருகிறேன். அந்த வாழ்விலிருந்து எழுந்த கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் தன் உடம்பை யாருக்காகப் பேண வேண்டும்?

தமிழ் படித்தவள் என்பதால் பெண்ணின் தட்டு எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். புறநானூற்றின் 246ஆம் பாடல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனை இழந்த பெண் இனி என்ன உண்பாள் என்ற பட்டியல் அதில் வருகிறது. நெய் படாத சோறு, அதுவும் நீரில் கிடந்து கையால் பிழிந்தெடுத்தது. எள்ளுத் துவையல். புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாயும் இல்லை. அந்த வாழ்வை மறுத்து அவள் ஈமத் தீயைத் தேர்ந்தெடுக்கிறாள். வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போது ஒரு மாணவி சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு டயட் ஷீட்லயும் இதேதானே மேடம் இருக்கு? நெய் வேணாம், கீரை சாப்பிடு, எள்ளு நல்லது" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை யோசித்தபோது அவள் முக்கியமான ஒன்றைத் தொட்டிருக்கிறாள் என்று தோன்றியது. உணவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். கைம்பெண்ணின் தட்டில் நெய்யை விலக்கியது ஊர். விலக்கியதன் நோக்கம் அவள் உடல்நலம் இல்லை, இறந்துபோனவனின் நினைவை அவள் உடம்பில் நிறுத்திவைப்பது. தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை அளப்பது யார், எதற்காக என்பதே கேள்வி.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முன் உண்டது செரித்த பின், பசித்த பின், அளவறிந்து உண்ணச் சொல்கிறது. இன்றைய மருத்துவர் சொல்வதும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆனால் அந்த அறிவுரையைக் கேட்பவர் தான் எப்போது உண்பது என்பதைத் தானே முடிவு செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் தங்கள் பசியை வைத்துச் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்கிறார்கள்?

பசியோடு இருக்கப் பெண்களுக்கு நாம் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறோம். காரடையான் நோன்பு கணவனின் ஆயுளுக்கு. வெள்ளிக்கிழமை விரதம் மகளுக்கு வரன் அமைய, மகனுக்கு வேலை கிடைக்க. "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வளர்த்தேன்" என்பது ஒரு தாய் தன் வாழ்வைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய பெருமை. அதே பெண் ஒரு கல்யாண வீட்டில், "எனக்குப் பாயசம் வேண்டாம், சாதம் ஒரு கரண்டி போதும், பொரியல் கொஞ்சம் கூட வைங்க" என்று தனக்காகக் கேட்டால், "ரொம்பத்தான் பண்றா" என்ற பேச்சு அடுத்த இலையிலிருந்து கிளம்புகிறது. பிறருக்காக வாயைக் கட்டினால் தியாகம். தனக்காகக் கட்டினால் அலட்டல்.

என் நோயின் வரலாறே இந்த வேறுபாட்டுக்கு ஒரு சான்று. இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை என்பதைத் தமிழ்நாடு அரசு 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா போன்றோரின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். முடிவு வந்த நாளிலிருந்து வீடே என்னைத் தாங்கியது. அத்தை எனக்கென்று தனியாகக் கேழ்வரகு அடை சுட்டார். மாலையில் யாராவது ஒருவர் என்னோடு நடந்தார்கள். நான் மணிப்படி சாப்பிட்டேனா என்று கேட்காத ஆளில்லை.

பிள்ளை பிறந்தது. அதோடு அந்தக் கேள்விகளும் நின்றன. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவளைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பிள்ளை பிறந்து 6 வாரம் கழித்து ஒருமுறை சோதிக்க வேண்டும், பிறகும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனையில் தந்த அட்டையில் குழந்தையின் தடுப்பூசிக்குத் தேதி வாரியாக ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள் இருந்தன. எனக்கான மறுசோதனைக்கு ஒரு வரிகூட இல்லை. அதை நானே கேட்டு ஓரத்தில் எழுதி வாங்கினேன், ஆண்டுதோறும் சோதித்தும் வந்தேன். இங்கே யாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. பிள்ளை உள்ளே இருந்தவரை அது குடும்பத்தின் அக்கறை. வெளியே வந்த மறுநாள் அது என் சொந்த விவகாரம். இந்த மாற்றத்தைப் பெண்களாகிய நாமே இயல்பென்று எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் என்னை உறுத்துவது.

இனி அந்தத் தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவை, மீதிக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாமல் மெல்ல ஏறும். எளிய, பயனுள்ள அறிவுரை. நான் பின்பற்றுகிறேன், பலனும் தெரிகிறது. ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற பெண்ணின் தட்டை நினைத்துப் பாருங்கள். பொரியல் சட்டியில் தாளித்த கடுகும் இரண்டு துண்டுக் காயும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் தலைதான் மிச்சம். தீராமல் இருப்பது சோறு மட்டும். அதோடு ரசம். பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன இட்லியை "வீணாகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வதும் அவள்தான். கடைசியில் சாப்பிடுவது நம் வீடுகளில் மரியாதை பற்றிய பிரச்சினையாக மட்டுமே பேசப்பட்டு வந்திருக்கிறது. சர்க்கரை வந்த உடம்பில் அது நேராக ரத்தத்தில் தெரிகிறது. பெண் கடைசியில் உண்ணும் வீட்டில் அவள் தட்டு மாவுச்சத்தால் நிறைகிறது.

எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். சட்டியைப் பந்திக்கு நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்கிறோம். என் தட்டில் காயை முதலில் நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். முதல் சில வாரம் அந்தக் கரண்டி என் கைக்கே கனமாக இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து அவரும் நாங்கள் உட்காரும்போதே உட்கார ஆரம்பித்தார். அவருக்கு 74 வயது.

அடுத்தது நேரம். சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பும். எனக்கு இது அறிவுரைத் தாளில் இருக்கும் எச்சரிக்கை மட்டுமில்லை, அன்றாடக் கணக்கு. ஒருமுறை துறைக் கூட்டம் மதியம் ஒரு மணியைத் தாண்டி நீண்டது. "அஞ்சு நிமிஷம் மேடம், முடிச்சிடலாம்" என்றார் நடத்தியவர். அதற்கு முன்பே மூன்று அஞ்சு நிமிடங்கள் போயிருந்தன. நான் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். "நீங்க பேசுங்க சார், கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன்" என்றேன். ஒரு கணம் அறை அமைதியானது. பிறகு எதிரே இருந்த இரண்டு பேராசிரியைகளும் தங்கள் டப்பாவை எடுத்தார்கள். அவர்களுக்கும் சர்க்கரை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஐந்தாறு ஆண்டுகளாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

பிறகு நடை. வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் நல்லது. காரணம் எளிது. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத்திரை திறக்கப் பாடுபடும் கதவைக் கால்கள் வேறொரு வழியில் திறக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நடை மேல் ஒரு தனிப் பிரியம்.

"வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே" என்று சொல்லாதவர்கள் குறைவு. பகலெல்லாம் அசைந்துகொண்டிருப்பது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அடுப்படியில் நின்ற இடத்தில் நிற்பதும், பாதியில் கூப்பிட்டால் ஓடுவதும், மீண்டும் வந்து நிற்பதும் பெரும்பாலும் வேகநடையின் பலனைத் தருவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நடக்கிற அரைமணி நேரம் யாருக்கும் எதையும் செய்து தராத நேரம். வீட்டு வேலையையே உடற்பயிற்சி என்று சொல்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அரைமணியைத்தான் நம்மிடமிருந்து திரும்பக் கேட்கிறார்கள். காலை ஐந்தரைக்குத் தெருவில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு நாயும் பயம், பைக்கில் மெதுவாக வந்து திரும்பிப் பார்த்துப் போகிறவனும் பயம். அதனால்தான் பலர் மொட்டைமாடியில் எட்டுப் போடுகிறார்கள். நாங்கள் தெருவில் நான்கு பேர் சேர்ந்து நடக்கிறோம். அதில் இருவருக்குச் சர்க்கரை இல்லை. "எனக்கு வேற எங்க தனியா பேச முடியுது" என்று வருகிறார் ஒருவர்.

தாளில் எழுதப்படாத ஒன்றும் உண்டு. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பார்கள். கல்லூரியிலும் பேருந்து நிலையத்திலும் சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிய உடம்புகள் நம்முடையவை. நோய் குடி என்கிறது, ஊர் குடிக்காதே என்கிறது. தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை சர்க்கரை நோய்க்கான சிகிச்சையின் பகுதி என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு 'கன்ட்ரோல்' என்ற சொல்லைப் பார்ப்போம். சர்க்கரை உள்ளவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கன்ட்ரோல்ல இருக்கா?" கட்டுப்பாடு, அடக்கம், வாயைக் கட்டு என்பதெல்லாம் பெண்ணுக்குப் புதிதல்ல. அதிகம் பேசினாலும் நாக்கை அடக்கு, இனிப்பைத் தொட்டாலும் நாக்கை அடக்கு. மூன்று மாதச் சராசரிச் சோதனை உண்மையில் மிக எளிய செய்தி. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்பவை. அந்த நாள்களில் அவற்றின் மேல் எவ்வளவு சர்க்கரை படிந்தது என்று சொல்லும் எண் அது, அவ்வளவுதான். அதை நாம் மதிப்பெண் பட்டியலாக்கிவிட்டோம். 7க்குக் கீழே என்றால் நல்ல பெண், 9 என்றால் அடங்காதவள். நோயாளியின் குணத்தை நோயின் காரணமாக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி சூசன் சொன்டாக் 1978இலேயே ஒரு நூல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டவை காசநோயும் புற்றுநோயும். நம் ஊரில் இன்று அந்த இடத்தில் சர்க்கரை இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 10 கோடிப் பேரும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப்போனார்களா?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கிய பிறகு, பெண் தன்னார்வலர் ஒருவர் அவர் தெருவுக்கே வந்து மாத்திரை தருகிறார். அது பெரிய உதவி என்பார். ஆனால் முகாமில் "தினமும் நடங்க" என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சு வீட்டுக்கு நடக்குறேன். இதுக்கு மேல எங்க நடக்க?" கேழ்வரகுக் கூழ் குடியுங்கள் என்றபோது சொன்னது இன்னும் கடுமை: "எங்கம்மா கூழு குடிச்சே செத்தா. நாலு புள்ளைக்கும் சோறு போடணும்னுதான் நான் டவுனுக்கு வந்தேன்." பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே நெல்லுச்சோறு கண்ட வீடுகளில் ஒவ்வொரு நாளும் சோறு என்பது ஒரு விடுதலை. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறுதானியமோ வசதி உள்ளவர்களின் கடையில் அழகான பையில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய சோற்றை ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் நான் நடக்கும் அரைமணி நேரத்தில் என் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்குவது அவர் கை. என் உடம்பைப் பேணும் நேரம் அவர் உழைப்பிலிருந்து வருகிறது. ஒரு நாள் அவரே சொன்னார், "எட்டரைக்கு நான் சாப்புட்டுத்தான் மாத்திரை போடணும். அந்நேரம் உங்க வீட்லதான் இருப்பேன். எனக்கும் சேர்த்து வச்சிடுங்க. மாசத்துல ஒரு நாள் செக்கப்புக்குப் போவேன், அதுக்குச் சம்பளம் புடிக்கக் கூடாது." நியாயமான பேச்சு. அப்படியே நடக்கிறது. தன்னைப் பேணும் உரிமை ஒரு பெண்ணுக்குக் கிடைக்க இன்னொரு பெண் அதை இழக்க வேண்டும் என்றால் அதற்கு உரிமை என்று பெயரில்லை. இதை நான் புத்தகத்தில் படித்ததுண்டு. மணிக் கணக்கோடு சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மாணவிகளிடம் வருகிறேன். சர்க்கரை என்றால் நடுவயது, சோறு, இனிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் இனிப்புக்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது அது. பிள்ளைகளுக்கும் வரும். 1921இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும்வரை அது வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன் 14 வயதுச் சிறுவன். நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. என் வகுப்பில் ஒரு பெண் மதிய உணவுக்கு முன் கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். "ஏம்மா அங்க போற?" என்று கேட்டேன். "யாரும் பாத்துட்டா ஊர்ல தெரிஞ்சிடும் மேம். கல்யாணம் ஆகாதுன்னு அம்மா பயப்படுறாங்க." உயிரைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது. உயிரோடு இருப்பதை மறைக்க அவளுக்கு அந்த நாற்றமடிக்கும் இடம்தான் இருக்கிறது. இப்போது அவள் எங்கள் துறை அறையில், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறாள். அவள் அம்மாவின் பயத்தை ஒரு நாற்காலியால் போக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் பொய்யுமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியது அவளா, பழுதில்லாத ஓர் உடம்பா என்று கேட்டால் பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இங்கே எனக்கு ஒரு தடை எழுகிறது. எல்லாவற்றுக்கும் வீடும் சமூகமும் காரணம் என்றால், நான் ஏன் காலையில் எழுந்து நடக்க வேண்டும்? பந்தி மாறட்டும், தெருவிளக்கு எரியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடலாமா? முடியாது. ஆணாதிக்கம் ஒழியும்வரை சிறுநீரகம் காத்திருக்காது. கண்ணின் மெல்லிய ரத்தக் குழாய்களுக்கும் உணர்வு குறைந்துவரும் பாதத்துக்கும் நம் வாதம் கேட்காது. ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று பழி, மற்றொன்று பொறுப்பு. பழி பின்னால் பார்ப்பது; யார் செய்த குற்றம் என்று கேட்பது. பொறுப்பு முன்னால் பார்ப்பது. இனி என்ன செய்யலாம், யார் யார் செய்யலாம் என்று கேட்பது. என் நோய்க்கு நான் பழி ஏற்க மாட்டேன். என் உடம்புக்குப் பொறுப்பேற்பேன். அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையானவற்றை வீட்டிடமும் கல்லூரியிடமும் அரசிடமும் கேட்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். நடையும் டப்பாவும் என் வேலை. தெருவிளக்கும் கழிப்பறையும் என் வேலை மட்டுமில்லை.

இனி முதல் கேள்வி. யாருக்காக? "பிள்ளைங்களுக்காகவாவது உடம்பப் பாத்துக்கோங்க மேடம்" என்று அன்போடு சொல்கிறவர்கள் நிறைய. அந்த அன்பை நான் மறுக்கவில்லை. என் பிள்ளைகளை எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் காரணம் ஆபத்தானது என்பதை என் பெரியம்மாவிடம் கண்டேன். இருபது ஆண்டு சர்க்கரையோடு இருந்தவர். ஊசியும் மாத்திரையும் ஒரு வேளை தவறியதில்லை. கடைசி மகளின் கல்யாணம் முடிந்த ஆறு மாதத்தில் ஊசியைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். காலில் புண் வந்து விரலை எடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஏன் பெரியம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "கடமையெல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே எனக்கு எதுக்கும்மா அவ்வளவு செலவு?" என்றார். சோர்வாகச் சொல்லவில்லை. கணக்கு முடித்தவர் போல அமைதியாகச் சொன்னார்.

அவர் சொன்னதில் பிழையான தர்க்கம் எதுவுமில்லை. உன் உடம்பு பிறருக்குப் பயன்படுவதால்தான் பேணத்தக்கது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். பயன் முடிந்ததும் அவர் பேணுவதை நிறுத்தினார். அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டால், பிள்ளை பெறாதவள் எதற்காக நடக்க வேண்டும்? தனியாக வாழ்பவள் எதற்காகச் சமைத்துச் சாப்பிட வேண்டும்? கணவனை இழந்தவள்? வயதானவள்? பெருங்கோப்பெண்டின் பட்டியலை எழுதிய அதே கை இங்கேயும் எழுதிக்கொண்டிருக்கிறது. பெண் உடம்பின் மதிப்பு வேறொருவரின் இருப்பில் தொங்கும்வரை, அந்த ஒருவர் விலகும்போது அவள் தட்டும் மருந்தும் விலகும்.

இது தன்னலம் இல்லையா என்று கேட்பார்கள். தன்னைப் பேணுவதை அரசியலாகப் பேசிய கறுப்பினப் பெண் கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோயோடு வாழ்ந்தபடிதான் 1988இல் 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' நூலை வெளியிட்டார். அவர் பேசியது உயிர்பிழைத்திருத்தல் பற்றி. இன்று சந்தை அதை முகப்பூச்சும் வாசனை மெழுகுவத்தியும் விற்கப் பயன்படுத்துகிறது. நான் சொல்வது அதுவுமில்லை. ஒரு மணிக்குச் சாப்பிடுவது, காயை முதலில் எடுத்துக்கொள்வது, பாதத்தை இரவில் விளக்கொளியில் பார்த்துப் புண் இல்லையே என்று தடவிவிட்டுப் படுப்பது. இவற்றால் யாரிடமிருந்தும் எதுவும் பறிபோவதில்லை. தன்னலம் என்று சொல்ல வேண்டுமானால் பிறர் பங்கை எடுத்திருக்க வேண்டும். தன் பங்கை எடுத்துக்கொள்வதற்கு நம் மொழியில் தனிச் சொல் இல்லாததால் அதையும் தன்னலம் என்று அழைக்கிறோம்.

"பிள்ளைங்களுக்காகப் பாத்துக்கோங்க" என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிவந்த பதில், "எனக்காகவும்தான்." இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த 'உம்' என் காதில் இடறியது. அதற்கு எச்ச உம்மை என்று பெயர். 'எனக்காகவும்' என்றால் வேறு யாருக்காகவோ முதலில், அதற்குப் பிறகு எனக்கு என்று பொருள் எஞ்சி நிற்கும். பந்தியில் கடைசியாக உட்காருகிற அதே பழக்கம் என் வாக்கியத்துக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. இப்போது 'உம்' இல்லாமல் சொல்கிறேன். எனக்காக. கேட்பவர்கள் மேலே ஏதாவது வரும் என்று சற்று நேரம் காத்திருக்கிறார்கள். நான் மேலே எதுவும் சொல்வதில்லை.